குடத்தின் இருக்கை: நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டு வேன்களில் இடப்பங்கீடு குறித்து ஓர் ஆய்வு

பங்குனி பிறந்துவிட்டால் கன்னியாகுமரி மாவட்டத்துச் சாலைகளில் ஒரு தினுசான வேன் நடமாடத் தொடங்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் புறப்பட்டுப் போகும்; விடியற்காலையில் பால்வண்டியோடு சேர்ந்து திரும்பும். கூரைக் கேரியரில் பழைய வேட்டி சுற்றிக் கட்டிய ஒரு நீள வளைவு. உள்ளே ஆறேழு பேர், ஒரு ஆர்மோனியப் பெட்டி, கசங்காமல் ஆணியில் தொங்கும் பட்டுச் சட்டைகள். இவை எல்லார் கண்ணிலும் படும். இரண்டாம் வரிசை நடு இருக்கையில், ஒருவர் மடியில், துவர்த்து (துண்டு) போர்த்தி உட்கார்ந்திருக்கும் ஏழாவது அல்லது எட்டாவது பயணி மட்டும் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும். அதுதான் குடம். வில்லுப்பாட்டுக் குழுவின் மண்குடம்.

அந்தக் குடம் வேனில் எங்கே உட்கார வேண்டும், ஏன் அங்கே உட்கார வேண்டும், அதனால் மற்றவர்கள் எங்கெங்கே உட்கார நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். இது அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரு கொடைக் காலம் (ஊர்க்கோயில் திருவிழாக் காலம்) முழுக்க அந்த வேனின் கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்துவிட்டுப் பிறகு பேசட்டும்.

முன்னோடிகளுக்கு வணக்கம் சொல்வது ஆய்வு மரபு. நாகர்கோவிலில் இருந்துகொண்டு நாட்டார் கலைகளை வாழ்நாள் முழுக்கத் துருவியவர் அ.கா. பெருமாள். அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இங்கே வந்து கொடைகளில் கண்விழித்து, வில்லுப்பாட்டைப் பற்றி ‘சிங்கிங் ஆஃப் பர்த் அண்ட் டெத்’ என்ற நூலை 1988இல் வெளியிட்டார். கதை, பாட்டு, சாமியாட்டம், பிறவித் தெய்வம், வெட்டுப்பட்ட வாதை என்று பெரிய விஷயங்களை எல்லாம் பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வேன் இருக்கையைப் பின்னால் வருகிறவனுக்காகப் பெருந்தன்மையோடு விட்டுவைத்ததாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு வரையறை. சென்னையிலும் பெங்களூரிலும் ‘இண்டி பேண்ட்’ என்று சில இளைஞர்கள் சுற்றுகிறார்கள். இசை நிறுவனத்தின் தயவு கிடையாது. தாங்களே பாட்டுக் கட்டுவார்கள், தாங்களே வண்டி பிடிப்பார்கள், போஸ்டரையும் தாங்களே அடித்துக்கொள்வார்கள், கிடைத்ததைப் பிரித்துக்கொள்வார்கள். இதுதான் இலக்கணம் என்றால், அந்தப் பெயர் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் வில்லுக்காரர்கள் இண்டிதான். கோயில் கமிட்டிக்காரர் வீட்டுத் திண்ணைக்கு வந்து வில்லுப் பேசி அட்வான்ஸ் கொடுக்கிறார். அந்தப் பணம் ஊரில் தலைக்கட்டு வரியாகப் பிரிந்தது. நோட்டீஸில் குழுவின் பெயர் சாமியின் பெயருக்குக் கீழே, மைக் செட்காரர் பெயருக்கு மேலே வரும். இசையுலகில் இதைவிடத் தெளிவான ஒப்பந்தத்தை நான் பார்த்ததில்லை.

அப்படிப் பேசி முடித்த பிறகு ஊர் ஊராகப் போக வேண்டும். பங்குனி, சித்திரை, வைகாசி, பிறகு ஆடி. செவ்வாயோ வெள்ளியோ நடுநாளாக வைத்துக் கொடை நடக்கும். இன்று தோவாளைப் பக்கம் முத்தாரம்மன் என்றால் நாளை மறுநாள் அருமனைப் பக்கம் இசக்கி, அதற்கடுத்து குளச்சல் கரையோரம் சுடலைமாடன். குழுவில் இருப்பவர்கள் மற்ற மாதங்களில் பெயிண்ட் அடிப்பார்கள், தறி நெய்வார்கள், கொத்து வேலைக்குப் போவார்கள், மேற்கே குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுவார்கள். ரப்பர் மரம் இலை உதிர்த்து வெட்டு நிற்கிற காலம் கழிந்த கையோடு கொடைக்காலம் வந்து நிற்பதில் இயற்கையின் ஒத்துழைப்பு தெரிகிறது. ஆனால் இது கிளை வழி. குடத்துக்குத் திரும்புவோம்.

குடத்தின் இலக்கணம்

வில் பனை வைரத்தால் ஆனது, மூங்கிலிலும் உண்டு. நீளம் பத்தடியைத் தொடும். நாண் தோல்கயிறு. வில்லின் முதுகில் வெண்கல மணிகள் தொங்கும். இத்தனை பெரிய வஸ்து தன் காலில் நிற்காது. பிரிமணையில் குடத்தை வைத்து, அதன் கழுத்தோடு வில்லைக் கட்டினால்தான் நிற்கும். அண்ணாவி (சில ஊர்களில் புலவர்) வீசுகோலால் நாணில் அடிக்கும்போது மணிகள் குலுங்குகின்றன. அந்த அதிர்ச்சியையும் தாங்கிக்கொண்டு, மட்டையால் தன் வாயில் விழும் அடியையும் வாங்கிக்கொண்டு கும்மென்று பேசுகிறது குடம். உடுக்கையும் தாளமும் கட்டையும் பக்கவாத்தியங்கள். குடமோ வாத்தியமாக இருந்துகொண்டே தூணாகவும் இருக்கிறது. கச்சேரி மேடையில் வேறு எந்த வாத்தியத்துக்கும் இந்த இரட்டை வேலை கிடையாது. மிருதங்கத்தின் மேல் யாரும் வீணையைச் சாய்த்து வைப்பதில்லை.

ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் ஒலியைப் பற்றி எழுதிய பெருநூலில், குறுகிய வாயும் பெருத்த வயிறும் உள்ள கலத்துக்குள் இருக்கும் காற்று ஏன் ஒரே ஒரு சுருதியை மட்டும் பிடித்துக்கொள்கிறது என்று விளக்கினார். வாய் குறுகினால் சுருதி இறங்கும். வயிறு சுருங்கினால் ஏறும். ஆகவே ஒவ்வொரு குடத்துக்கும் பிறவிச் சுருதி ஒன்று உண்டு. முறுக்காணியும் வாரும் கிடையாது, திருகி ஏற்றி இறக்க முடியாது. குழு தன் குரலுக்கு ஒத்த குடத்தைத் தட்டித் தட்டித் தேர்ந்தெடுக்கிறது. அந்தக் குடம் உடைந்தால் உடைந்தது குடம் மட்டுமில்லை, அன்றைய சுருதியும்தான். ஹெல்ம்ஹோல்ட்ஸ் இவ்வளவு தூரம் வந்தவர், அக்குடத்தை அருமனையில் இருந்து ஆரல்வாய்மொழிக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதைத் தொடாமல் விட்டுவிட்டார்.

இடவாதங்கள்

கள ஆய்வில் மூன்று வாதங்கள் தென்பட்டன. டிக்கிவாதம், டயர்வாதம், மடிவாதம்.

டிக்கிவாதத்தை வேன் முதலாளிகள் மட்டுமே ஆதரிக்கிறார்கள். இது ஆய்வுலகில் ஏற்கெனவே மறுக்கப்பட்டது. அதாவது ஒருமுறை டிக்கியைத் திறந்தபோது உள்ளே குடத்துக்குப் பதில் ஓடு இருந்தது. கூடுதல் விவாதம் தேவையில்லை.

டயர்வாதம் இளையவர்களுடையது. பழைய ஸ்கூட்டர் டயரை இருக்கைகளுக்கு நடுவே தரையில் போட்டு, வைக்கோல் திணித்து, அதில் குடத்தை இறக்குவது. பிரிமணையின் நவீன வாரிசு என்று இதைச் சொல்லலாம். குறை ஒன்றுதான். காலை நீட்டித் தூங்குகிறவர்களின் கால் எங்கே போகும் என்பதற்கு டயர்வாதிகளிடம் பதில் இல்லை. நள்ளிரவுக்கு மேல் தாளக்காரர் கால் தன்னிச்சையாக இயங்கும் இயல்புடையது.

மடிவாதமே மூத்தோர் வழக்கு. குடமடிப்பவர் தன் மடியில், வாய் மேலே பார்க்க, வலது கையைக் குடத்தின் கழுத்தில் வளைத்துப் போட்டு உட்கார்கிறார். பள்ளத்தில் வண்டி இறங்கினால் அதிர்ச்சி முதலில் இருக்கைக்கு, பிறகு அவருக்கு, கடைசியில்தான் குடத்துக்கு. அதற்குள் பாதி தேய்ந்துவிடும். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றின் வரிசையில் குடக்காரரின் தொடை இன்னும் மோட்டார் பொறியியல் நூல்களில் இடம்பெறவில்லை.

எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. வண்டி துள்ளும்போது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட பகுதிதான் ஆகக் குறைவாகக் குதிக்கும். பின் சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் கடைசி வரிசை ஆகக் கூடுதலாகக் குதிக்கும். எனவே இரண்டாம் வரிசை நடு இருக்கை குடத்துக்கு. இதை யாரும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. குடங்கள் உடைந்து உடைந்து கற்றுக்கொடுத்தன. அண்ணாவி முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில். பழைய மெட்டடோர் வகை வேன்களில் அந்த இருக்கை முன் சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கும். குலுக்கல் நேரடி ஒலிபரப்பு. ஆனாலும் அண்ணாவி அங்கேதான் உட்காருவார். இடம் மரியாதைக்குரியது. இங்கேதான் இந்த ஆய்வின் மையக் கருதுகோள் பிறக்கிறது: மேடையில் நடு இடம் அண்ணாவிக்கு, வலத்தே பாடுகிறவர்களும் இடத்தே பாடுகிறவர்களும் அவரைச் சுற்றி அமைகிறார்கள். வேனில் நடு இடம் குடத்துக்கு. அண்ணாவி உட்பட எல்லாரும் அதைச் சுற்றி அமைகிறார்கள். ஒரு குழுவில் யார் பெரியவர் என்று தெரிய வேண்டுமானால் மேடையைப் பார்க்கக் கூடாது. நல்ல இருக்கை யாருக்கு என்று பார்க்க வேண்டும்.

சாலைகள்

கல்குளம், விளவங்கோடு பகுதி மேடும் பள்ளமும் வளைவுமானது. அங்கே குடம் இடவலமாக ஆடும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதி வயலும் குளமுமான சமநிலம். குளக்கரைச் சாலைகளில் குடம் மேல்கீழாகக் குதிக்கும். அனுபவமுள்ள குடக்காரர் கண்ணை மூடிக்கொண்டே வேன் எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் மட்டும் நிலைமை வேறு. பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறும்போது சீரான இடைவெளியில் ஒரு தட்டு விழும். தூங்குகிற தாளக்காரரின் விரலும் கூடவே அசையும்.

கிழக்கு எல்லையில் முப்பந்தல். ஆடி மாசத்துக் காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடப்பது தனி அத்தியாயம். காற்றாலைகளை ஏன் அங்கே கொண்டுவந்து நட்டார்கள் என்பதற்கு விளக்கம் வேண்டியவர்கள் கேரியரில் வில் கட்டிய வேனில் ஒருமுறை வர வேண்டும். மணிகளுக்கு எவ்வளவு துணி சுற்றினாலும் ஒன்றிரண்டு ஒலிக்கத்தான் செய்யும். அங்கே இசக்கியம்மன் கோயில் முன்னால் ஓட்டுநர்கள் வண்டியை மெதுவாக்கிக் காணிக்கை போடுவது வழக்கம். மற்ற வண்டிகள் போடாமல் போனாலும் போகலாம். நேற்று ராத்திரி அவள் கதையை விடிய விடியப் பாடிச் சம்பளம் வாங்கிவிட்டு, அவள் வாசலில் நிறுத்தாமல் போகிற துணிச்சல் எந்த வில்லுக்காரருக்கும் கிடையாது. குடக்காரர் மட்டும் வண்டியை விட்டு இறங்க மாட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிடுவார், அதுவும் ஒரு கையால். அம்மன் கோபித்ததாகத் தகவல் இல்லை.

ஒப்பியல்

பிறருடைய வாத்தியங்கள் எப்படிப் பயணம் செய்கின்றன? செல்லோக் கலைஞர் யோ-யோ மா 1999 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு டாக்ஸியை விட்டு இறங்கிப் போய்விட்டார். 1733இல் செய்யப்பட்ட, இருபத்தைந்து லட்சம் டாலர் மதிப்புள்ள அவருடைய செல்லோ டாக்ஸியின் டிக்கியிலேயே போய்விட்டது. அன்றைக்கே மீட்டுக் கொடுத்தார்கள். இன்னொரு செல்லோக் கலைஞர் லின் ஹாரல் தன் செல்லோவுக்கு விமானத்தில் தனி டிக்கெட் எடுத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, அதன் பெயரிலும் மைல் கணக்குச் சேர்த்துவந்தார். 2012இல் விமான நிறுவனம் இருவரையும் அந்தத் திட்டத்திலிருந்தே நீக்கிவிட்டது.

இருபத்தைந்து லட்சம் டாலர் செல்லோ டிக்கியில். சில நூறு ரூபாய்க் குடம் மடியில். இதை வைத்து வெள்ளைக்காரர்களுக்குப் பொறுப்பில்லை என்று முடிவு கட்டுவது ஆய்வு நெறியல்ல. விலை வேறு, அவசரம் வேறு. நியூயார்க்கில் செல்லோ கிடைக்காமல் கச்சேரி தள்ளிப்போனால் ரசிகருக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். இங்கே நடுச்சாமப் பூசைக்குப் படைப்புப் போட்டாயிற்று; சாமியாடி குளித்து ஈரவேட்டியோடு நிற்கிறார்; கதையில் மாடன் மயானத்துக்குப் போகும் கட்டத்தில் குடம் குமுறினால்தான் அவருக்கு அருள் இறங்கும். அந்த நேரத்தில் குடம் விரிசல் விட்டால் எந்த ஊரில் எந்தக் கடை திறந்திருக்கும்? கமிட்டித் தலைவர் வீட்டுத் தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்துக் கொண்டுவந்து கொடுத்தால் அது வேறொரு சுருதியில் பேசும். சாமி வரத்தான் செய்யும். ஆனால் அண்ணாவிக்கு வர வேண்டிய பாக்கிப் பணம் வருமா என்பது சந்தேகம்.

கலைமகளே இந்த மாவட்டத்திலிருந்து ஊர்ப்பயணம் போகிறாள் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகிறார்கள். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவுத் தங்கல். சரஸ்வதி யானை மேல் போகிறாள். அவளுக்கு ஆண்டுக்கு ஒரே பயணம், அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. வில்லுக்காரர்களுக்கு ஒரு கொடைக் காலத்தில் எத்தனை ஊர் என்பது நோட்டீஸ்காரருக்குத்தான் தெரியும். யானை குலுக்காது என்பதையும் கணக்கில் எடுத்தால் ஒப்பீடு இன்னும் அநியாயமாகிவிடும்.

துணைத் தேற்றம்: தூக்கம்

இப்போது ஆய்வின் செழிப்பான பகுதிக்கு வருகிறோம். நிகழ்ச்சி முடிந்து வாழி பாடி, சந்தனம் பூசிக்கொண்டு, சுக்குக்காப்பி குடித்து வேனில் ஏறினால் கால் மணி நேரத்தில் எல்லாரும் தூங்கிவிடுவார்கள். அண்ணாவி தலை முன் கண்ணாடியை நோக்கிச் சாயும். உடுக்கைக்காரர் ஜன்னலில் முட்டுவார், விழிக்க மாட்டார். ஆர்மோனியக்காரர் பெட்டி மேல் படுத்துச் சுருதி இல்லாமல் குறட்டை விடுவார். விழித்திருப்பது இருவர்தான்: ஓட்டுநரும் குடக்காரரும். ஓட்டுநர் விழித்திருப்பது குடக்காரர் பேச்சுக் கொடுப்பதால். குடக்காரர் விழித்திருப்பது குடத்தால்.

இதன் விளைவுகள் தொலைநோக்குடையவை. விடியற்காலை நாலு மணிக்குச் சாயாக்கடையில் வண்டி நிற்கும்போது இறங்காமலே ஜன்னல் வழியாகக் கட்டன்சாயா வாங்கிக் குடிப்பவர் குடக்காரர். கடையில் நிற்கும் அடுத்த ஊர்க்காரர் கேரியரைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்குத்தான் வருவார்.

“வில்லுக்காரங்களா? எங்கூர்ல வைகாசி கடைசி வெள்ளி கொடை. எவ்வளவு கேப்பியோ?”

“அண்ணாவி உறங்குகாரு. நம்பரைச் சொல்லும் அண்ணாச்சி, காலத்த நானே விளிச்சுப் பேச வைக்கேன்.”

இப்படித்தான் ஊர்களின் பட்டியல், கமிட்டிக்காரர்களின் குணம், எந்த ஊரில் பந்தி முதலில் எந்த ஊரில் பாட்டு முதலில், எங்கே அவியலும் புளிசேரியும் நன்றாக இருக்கும், எங்கே பாக்கியை இழுத்தடிப்பார்கள் என்ற அரிய அறிவெல்லாம் குடக்காரரிடம் போய்ச் சேர்கிறது. அண்ணாவிக்குக் கதை தெரியும். குடக்காரருக்கு மாவட்டமே தெரியும். பிற்காலத்தில் குழு உடைந்தால் (குழுக்கள் குடத்தைவிட எளிதில் உடையும்) தனியாகக் குழு கட்டும் தகுதி முதலில் யாருக்கு என்று வாசகரே ஊகிக்கலாம். அண்ணாவிகள் இந்தத் துணைத் தேற்றத்தை ஏற்கவில்லை என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடுகிறேன். குடக்காரர்கள் சிரித்தார்கள்.

மறுப்புகளும் விடைகளும்

ரிதம் பேட் வந்துவிட்டது, குடத்தின் காலம் முடிந்தது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பேட் வாங்கிய குழுவையும் பார்த்தேன். பேட் மேடையோரத்தில் தன் பாட்டுக்குச் சினிமாத் தாளம் போட்டது. வில் எதன்மேல் நின்றது? குடத்தின்மேல். வேனில் நடு இருக்கை யாருக்கு? பேட்டுக்கு இல்லை, அது உறையில் சுருண்டு கால்மாட்டில் கிடந்தது.

கோயிலை விட்டு வெளியே வந்தபோதும் இப்படித்தான். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் வில்லைப் பட்டணத்து மேடைக்குக் கொண்டுபோனார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து அவரால் சென்னைக்குப் போன சுப்பு ஆறுமுகம் அதே வில்லை வானொலி, தொலைக்காட்சி என்று கொண்டுபோய் 2021இல் பத்மஸ்ரீ வரை சேர்த்தார். கதை மாறிற்று. சுடலையின் இடத்தில் காந்தி வந்தார், குடும்பக் கட்டுப்பாடும் சிறுசேமிப்பும் வந்தன. குடம் இருந்த இடத்திலேயே இருந்தது.

பெண்கள் முன்னின்று பாடும் குழுக்கள் பெருகிய பிறகு இடப்பங்கீடு மாறியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். ஒரே ஒரு மாற்றம்தான் தென்பட்டது. அண்ணாவி ஸ்தானத்தில் இருக்கும் அக்கா முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தாலும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் திரும்பிப் பார்த்து, “குடத்தப் பிடிச்சுக்கிடு மக்கா” என்று சொன்னார். ஆண் அண்ணாவிகள் இதை ஓட்டுநரிடம் திட்டாகச் சொல்வார்கள்.

வரலாற்றுக் குறிப்பு

வேன் வருவதற்கு முன் குழுக்கள் மாட்டுவண்டியிலும் நடந்தும் போயின, பிறகு பஸ். வில் பஸ்ஸின் கூரைக்குப் போகும். குடம் அப்போதும் மடியில்தான். பஸ் காலத்துக்கான சான்றாக, வயதான குடக்காரர் ஒருவர் சொன்னதை மட்டும் தருகிறேன்.

கடைசி பஸ். வடசேரியில் ஏறி உட்கார்ந்து, மடியில் குடத்தை வைத்துத் துவர்த்தைப் போர்த்தியிருக்கிறார். கண்டக்டர் வந்து, “அது என்னவே?” என்று கேட்டார்.

“கைப்பிள்ளைக்கு டிக்கெட் உண்டா சார்?”

கண்டக்டர் துவர்த்தை விலக்கினார். ஒன்றும் சொல்லாமல் விரல் மடக்கிக் குடத்தின் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

“எங்கூர்க் கொடைக்குக் கொண்டுவந்த குடமா இது?”

“இல்ல, அது போன வருசம் உடைஞ்சு போச்சு. இது புதுசு.”

“அதான பாத்தேன். அதுக்கு இன்னும் கொஞ்சம் கனத்த குரலு” என்றவர், லக்கேஜ் டிக்கெட் ஒன்றைக் கிழித்து அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார்.